ஒரம்பரை ஊட்டும் பொங்கல் மாட்டுக்கு ஆகுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



இன்னைக்குக் கடன், வட்டி பற்றிப் பேசப் போறதில்லை. கடனில் வாங்கின மாட்டைப் பற்றித்தான் பேசப் போறோம்.

பட்டிப் பொங்கல் அன்னைக்கு நம்ம ஊரில் என்ன நடக்குது? மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பட்டியில் பொங்கல் வைக்கிறோம். கோயமுத்தூர், திருப்பூரில் இருந்து ஒரம்பரை வர்றாங்க. சித்தப்பா ஒரு கவளம், அத்தை ஒரு கவளம், குழந்தைங்க ஆளுக்கு ரெண்டு பழம் என்று ஊட்டுறாங்க. எல்லாம் பாசத்தில்தான். மீந்த சோற்றையும் ராத்திரி தொட்டியில் கொட்டிவிடுகிறோம்.

நாங்கள் போய்வரும் ஒரு கிராமத்தில், இப்படித் தின்ற கறவை மாடு மறுநாள் காலை எழுந்திருக்கவே இல்லை. குழுக் கடனில் வாங்கிய மாடு. மூன்று தவணைதான் கட்டியிருந்தார் அந்த உறுப்பினர். மாடு போச்சு, தவணை நிற்கவில்லை. "வேண்டாம்னு சொல்ல வாய் வரலைங்க. வீட்டுக்காரர் வழி ஒரம்பரை, மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்" என்று சொல்லி அழுதார்.

ஏன் இப்படி ஆகுது? மாட்டின் முதல் வயிறு பெரிய தொட்டி மாதிரி. அதிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் புல்லையும் தட்டையும் மெல்ல மெல்லச் செரிக்க வைக்கின்றன. ஆனால் சோறு நிறையப் போனால் வேகமாகப் புளித்துவிடும். ஆட்டி வைத்த இட்லி மாவு ஒரே ராத்திரியில் புளித்துப் பொங்குகிறதே, அதே கதைதான். வெல்லமும் பழமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அந்தப் புளிப்பில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அமிலம் ரத்தத்திலும் ஏறும். இதைத்தான் மருத்துவர்கள் அமில நோய் என்கிறார்கள். ஆடுகளுக்கும் இது வரும். கல்யாண வீட்டுச் சோறு, ரேஷன் அரிசிக் கஞ்சி எதிலும் வரும்.

தீனி எடுக்காது, அசை போடாது, இடது பக்க வயிறு உப்பும், புளிப்பு வாடையோடு கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். இதைக் கண்டால் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வாயைப் பிடித்து எண்ணெய், கஷாயம் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் வேறு ஆபத்து.

காவலுக்கு இருக்கும் நாய்க்கும் இப்படித்தான். விருந்தாளி போடும் வெந்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்.

சரிங்க, ஒரம்பரையிடம் எப்படிச் சொல்வது? வழக்கத்தை விட வேண்டாம். மாடு வயிறாரப் புல் தின்ற பிறகு, வீட்டுக்காரர் கையால் ஒரு சிறு உருண்டை பொங்கல் போதும். விருந்தாளி ஆசைப்பட்டால் கையில் ஒரு பிடி பசும்புல்லோ அகத்திக்கீரையோ கொடுத்து, "இதை ஊட்டுங்க மாமா" என்று சொல்லுங்கள். அவர்கள் மனசும் நிறையும். மீந்த சோற்றுப் பாத்திரத்தை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு மருமகள் தனியாகச் சொன்னால் "இவளுக்கு என்ன தெரியும்" என்பார்கள். அதனால் இந்த மாதக் கூட்டத்திலேயே ஊக்குநரும் பிரதிநிதியும் இதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், "எங்க குழுவில் தீர்மானம் போட்டிருக்குதுங்க, மாட்டுக்குச் சோறு போடக்கூடாது" என்று தைரியமாகச் சொல்லலாம். அது உங்கள் ஒருவர் பேச்சு இல்லை, இருபது பேர் பேச்சு.

நம் மாடு, நம் தவணை. காப்பதும் நாம்தான்.