பதவி போன மறுநாள்

வீரம் வாளில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா?

காலித் இப்னு வலீத், 625இல் உஹதுப் போரில் நபிகளாரை எதிர்த்து நின்றவர். 629இல் இஸ்லாத்தை ஏற்றார். அதே ஆண்டு மூத்தா போரில் அவர் கையில் ஒன்பது வாள் முறிந்ததாம்! அவ்வளவு பெரிய தளபதியைக் கலீஃபா உமர் தலைமையிலிருந்து இறக்கி, அபூ உபைதாவை அமர்த்தினார். கலகம் பண்ணினாரா? இல்லையே! நேற்றுவரை தமக்குக் கீழே இருந்தவருக்குக் கீழே நின்று போரிட்டார். 642இல் படுக்கையில்தான் உயிர் விட்டார்.

நான் துறைத்தலைவராக இருந்தவன். அடுத்து வந்தவர் என் மாணவர். மறுநாள் அவர் அறை வாசலில் நின்று, ‘உள்ளே வரலாமா’ன்னு கேட்க எனக்கு நாக்கு எழலை!

ஒன்பது வாளை முறிக்கலாமய்யா. ‘நான்’ என்கிற ஒன்றை முறிப்பதுதான் வீரம்!