வேலையிடத்து ஆபத்தை எடைபோடுவது எப்படி?



2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் காலை, பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்ஙாவில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மண் சரிந்தது. 11 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நம் பாட்டன்மாரைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது.

இத்தகைய செய்தியைக் கேட்டதும் ‘விதி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆபத்தை முன்கூட்டியே எடைபோட ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் அது இருக்கிறது. நடக்கக்கூடிய வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். நடந்தால் விளையும் கேட்டுக்கு 1 முதல் 5 வரை இன்னொரு மதிப்பெண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. 5 முதல் 12 வரை நடுத்தரம். அதற்கும் கீழே சிறியது. வாய்ப்பாடு படிக்கும் நம் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

சிக்கல் பெருக்கலில் இல்லை. ஆபத்துகளைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்தி எண் கொடுப்பதில்தான் இருக்கிறது. ஆபத்துகளோ தனியாக வருவதில்லை.

செம்பனை வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். மரம் குட்டையாக இருக்கும்போது அரிவாள் கட்டிய குழாய் மின்கம்பியில் படுவது அரிது. வாய்ப்பு 2, உயிர்ச்சேதம் 4, பெருக்கினால் 8. ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் உயர்கிறது; குழாயும் நீள்கிறது. அது அலுமினியக் குழாய். காலைப் பனியில் எல்லாம் ஈரம். கம்பி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, ஆனால் வாய்ப்பு 4 ஆகிவிட்டது. கணக்கு இப்போது 16. மரத்தின் உயரத்தை ஒருவரும், மின்கம்பியை வேறொருவரும் கவனித்தால் இந்த 16 யார் கண்ணிலும் படாது. ஆகையால் ஒவ்வோர் ஆபத்தையும் எழுதும்போது, ‘இது மாறினால் வேறு எது மாறும்?’ என்று பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக்கொள்ள வேண்டும்.

சில வேளைகளில் பாதுகாப்பே புதிய ஆபத்தைக் கொண்டுவரும். மருந்தடிக்கும் பெண்களுக்குக் கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் உண்டு. உச்சி வெயிலில் அவற்றோடு நின்று பார்த்தால்தான் ஏன் கழற்றிவிடுகிறார்கள் என்பது விளங்கும். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அதனால்தான், முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்றுப் பொருள் தேடு, கையுறையைக் கடைசியில் வை என்று முறை வகுத்திருக்கிறார்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடைசெய்யப்பட்டது முதல் வழியைச் சேர்ந்தது.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. இடரை மதிப்பிடுவது இப்போது முதலாளியின் சட்டக் கடமை. உடனடி ஆபத்து இருக்கிறதென நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். முதலில் சொல்லியாக வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பேராளர்களும் உண்டு. உங்கள் வேலையிடத்தில் அவர்கள் யாரென்று நாளைக்கே கேட்டு வையுங்கள்.