மூன்றாவது வரிசை வயலின்



பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இசை படித்துவிட்டு இன்று பட்டம் வாங்கும் உங்களில், பக்கத்திலிருக்கும் சௌடையா மண்டபத்துக்குள் போகாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். 1980இல் திறந்த அந்த வயலின் வடிவக் கட்டடம் ஒரு பக்கவாத்தியக்காரரின் பெயரில் நிற்கிறது. மைக் பரவாத காலத்தில், கடைசி வரிசைக்காரருக்கும் தன் வில் கேட்க வேண்டும் என்று ஏழு தந்தி பூட்டிக்கொண்டவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர் தன் சத்தத்தைத் தானே கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது!

சௌடையா ஆஸ்தான வித்வானாக இருந்த மைசூர் அரண்மனைக்கு லண்டனிலும் ஒரு கதை உண்டு. மகாராஜா ஜயசாமராஜ உடையார் மேற்கத்திய இசையில் ஊறியவர். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக் லண்டனில் 1945இல் தொடங்கிய பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவுக்கு, மூன்றாண்டுகள், ஆண்டுக்கு 10,000 பவுண்டு தர முன்வந்தார். நம் ஊர்ப் பணத்திலும் அந்த வயலின்கள் பாடின.

1964 மார்ச் 10. ஆர்கெஸ்ட்ராவைக் காலவரையின்றி நிறுத்துவதாக லெக் அறிவித்தார். வாய்ப்புகள் குறைகின்றன, தரத்தைக் காக்க முடியாது என்பது அவர் தரப்பு. அவருடைய காது பெரிய காது, மறுக்கவில்லை. ஆனால் வாசித்தவர்களைக் கேட்காமலே முடிவு வந்துவிட்டது. கட்டியவரே கலைக்கவும் முடியும் என்றுதான் அந்த ஏற்பாடு இருந்தது.

கலைஞர்கள் கலைய மறுத்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். கிளாரினெட் வாசித்த பெர்னார்ட் வால்டன் தலைவரானார். முதிய நடத்துநர் ஓட்டோ கிளெம்பரர் அவர்கள் பக்கம் நின்றார். அக்டோபர் 27 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. பெயர் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 'நியூ பில்ஹார்மோனியா' என்றுதான் மேடை ஏறினார்கள். காலையில் ஒத்திகை, மாலையில் கணக்கு வழக்கு. முதலாளி இல்லை என்றால் முதலாளியின் தலைவலி நமக்கு வந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலைஞர்களை ஒன்றுசேர்க்கும் இந்த வேலையைச் சென்னையில் வேறு விதமாகச் செய்தவர் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' படத்தின் இசையமைப்பாளர். தயாரிப்பாளருக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரோ மூன்றாவது வரிசை வயலின்காரர்களோடு நின்று, சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். அவர் மெட்டுகளைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்புக் கச்சேரி. நானும் அதில் பல வருஷம் வாசித்தேன். ஓர் இரவு, பாடகருக்கும் கீபோர்டுக்கும் கவர் வந்தது. தபலாக்காரருக்கு வரவில்லை. அண்ணன் பந்தி முடியும் வரை பந்தலுக்குப் பின்னால் காத்திருந்தார். கடைசியில் வந்தது ஒரு தாம்பூலப் பை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்களே என்ற பயம்.

கைவிட்டுப் போவது கவர் மட்டுமல்ல, உரிமையும்தான். உங்களில் சிலர் பாட்டு எழுதுவீர்கள், இசையமைப்பீர்கள். படத்துக்குத் தந்த பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ராயல்டியில் உங்கள் பங்கை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. இடையில் முப்பத்தைந்து வருஷம். அதற்குள் எத்தனை கவிஞர்கள் போய்விட்டார்கள்!

லண்டன்காரர்களுக்கும் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது அதே 1977இல்தான். பதின்மூன்று வருஷம் 'நியூ' என்ற சொல்லைச் சுமந்தார்கள்.

முதல் வரிசையில் இருப்பவர்கள் மேடைக்கு வரலாம். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கல்லூரி முதல்வர் கோபிக்க மாட்டார்.