யார் வீட்டு வாசல்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூப்பிட்டா வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க, ஊசி போடுவாங்க, கட்டு மாத்துவாங்க. நகரத்தில் இன்று இது காசு கட்டி வாங்குகிற சேவை. இதைப் புதுசு என்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருது. எங்க பாட்டிமாரை நடுராத்திரியில் ஊர்த்தெருவிலிருந்து ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். போய்ப் பிரசவம் பார்ப்பார்கள், தொப்புள்கொடி அறுப்பார்கள், தீட்டுத்துணி அலசுவார்கள். கூலி? கொஞ்சம் நெல்லு, ஒரு பழஞ்சேலை. தீட்டு கழிந்த மறுநாள் அதே வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. வலிக்குத் திறந்த கதவு, வலி தீர்ந்ததும் மூடிக்கொள்ளும்.

ஆகவே, வீடு தேடிப்போகும் மருத்துவத்தில் என் கேள்வி இதுதான்: யார் போகிறார்கள்? யார் வாசலில் நின்றுவிடுகிறார்கள்?

11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி எடுத்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்தார்கள் என்கிறது அந்த நூல்.

இது எப்படி நடக்குது? நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் நிற்குதுன்னு பாருங்க. பதிவேட்டில் 'வீடு பார்த்தாச்சு' என்று எழுத வீட்டுக்குள் போகணும்னு இல்லை. சேரி முனையில் மரத்தடியில் நின்று ஆள் அனுப்பினாலும் அதே கட்டம், அதே டிக். நடக்க முடிந்தவள் வருவாள். பச்சை உடம்புக்காரியும், கைகால் விழுந்து பாயில் கிடக்கிற பெரியவரும் வர முடியாது. யாருக்காக வீட்டுக்குப் போகச் சொன்னார்களோ, அவர்களே விடுபட்டுப் போகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஊர்த்தெருவில் என்னிடம் ரத்த அழுத்தம் பார்க்கக் கை நீட்டினார்கள். தண்ணி கேட்டால் டம்ளர் மட்டும் தனியாக வந்தது.

1897இல் பூனாவில் பிளேக். முண்ட்வா மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த சிறுவனைத் தூக்கிக்கொண்டு, மகன் யஷ்வந்த்தின் மருத்துவமனைக்குப் போனார் சாவித்திரிபாய் புலே. தொற்று அவரையும் பிடித்தது. மார்ச் 10 அன்று இறந்தார். வீடு தேடிப் போவது என்றால் அதுதான். தொட்டுத் தூக்கணும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, இயன்முறைச் சிகிச்சை, படுக்கையில் கிடப்போருக்குப் பராமரிப்பு எல்லாம் வீட்டிலேயே. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் மாத்திரைப் பையோடு வீடு வீடாக நடந்த பெண்களுக்குச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை என்றார்கள். பாட்டி வாங்கிய நெல்லுக்குப் புதுப்பேரா இது?

தோழர்களே, கோஷம் அப்புறம் போடலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போறீங்க. மூன்று விஷயம் கேட்டு எழுதிட்டு வாங்க. துணை சுகாதார நிலையம் எந்தத் தெருவில்? கடந்த மூன்று மாசத்தில் செவிலியர் சேரியில் எத்தனை வீட்டுக்குள் போனார்? எழுந்து நடக்க முடியாதவர்கள் யார் யார்? அந்தக் கணக்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கிராமசபையில் வைப்போம். பதில் சொல்லட்டும்.