பிடியரிசியும் இரண்டு பணமும்

(கிராமத் திருச்சபை ஒன்றின் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் நம் மருத்துவமனை மருத்துவர் ஆற்றிய உரை)

 

வெளியே வாழைத்தார்களும் பூசணிக்காய்களும் சேவல்களும் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. சேவல்கள் என்னைவிட உரத்த குரலில் பேசுகின்றன. ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்யமாட்டேன். கடந்த ஓர் ஆண்டில் இந்தச் சபை எப்படி வளர்ந்தது என்பதை, மருத்துவமனைப் பக்கத்தில் நின்று கண்டபடி சொல்லும்படி ஐயரவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதை மட்டும் சொல்லி அமருகிறேன்.

சபையின் வளர்ச்சியைப் பதிவேடுகளில் பார்ப்பது நம் வழக்கம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், சங்கக் காணிக்கை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அவை தேவையானவையே. ஆனால் எங்கள் மருத்துவமனையில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. அது காசநோய்ச் சிகிச்சைப் பதிவேடு. இந்தச் சபை இவ்வாண்டு அடைந்த ஆவிக்குரிய வளர்ச்சியின் ஒரு பகுதி அதிலே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் சாட்சி.

1882 மார்ச் 24ஆம் தேதி ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை உலகுக்கு அறிவித்தார். இன்று அந்த நோய்க்கு நல்ல மருந்து உண்டு. சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். அரசாங்கம் அவற்றை இலவசமாகத் தருகிறது. ஆயினும் உலகில் புதிதாக இந்நோய்க்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். மருந்து இருந்தும் இது ஏன்? காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையான ஒன்று வெறும் வயிறு. உண்ண இல்லாத உடம்பில் உறங்கிக் கிடக்கும் கிருமி விழித்துக்கொள்கிறது. நோய் வந்தபின் வேலை போகிறது. வேலை போனால் உலை வைப்பது எப்படி? அந்த வீட்டில் அடுத்தவருக்கும் நோய் வர அதிக நாள் ஆவதில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வு இதை நன்றாய்க் காட்டியது. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியில் மாத்திரம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே மரணமும் வெகுவாய்க் குறைந்தது. 2023ஆம் ஆண்டு இது வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருந்தன.

சென்ற ஆண்டு இதே பண்டிகைக்குப்பின் உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இந்த ஆய்வைப்பற்றிப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, "டாக்டரையா, இதுக்கு நம்ம பிடியரிசி போதுமே!" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் இந்த ஊழியம் பிறந்தது.

பிடியரிசி நம் பாட்டிமார் அறிந்த காரியம். உலையில் அரிசி போடுமுன் கர்த்தருக்கென்று ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். மிசோரம் நாட்டுச் சபைகளில் 1910ஆம் ஆண்டில் தொடங்கிய இதே வழக்கம் இன்றளவும் மிஷனெரி ஊழியங்களைத் தாங்கி வருகிறது. நம் திருநெல்வேலிச் சபையார் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோதும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. ஏழைகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள்.

கணக்கு மிக எளிது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்தில் ஒன்றரைக் கிலோ. நாலு வீட்டுப் பிடியரிசி சேர்ந்தால் ஒருவருடைய பங்கான 5 கிலோவைத் தாண்டிவிடும். கொடுத்த வீட்டிலோ ஒருவர் தட்டிலும் சோறு குறைந்திராது.

அட்வெந்து நாட்களில் ஏழு குடும்பங்களோடு தொடங்கினோம். முதல் மாதத்திலேயே ஒரு பிரச்சினை எழுந்தது. அரிசிப் பையோடு சபைத் தாய்மார் வாசலுக்கு வந்தபோது ஒரு வீட்டார் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பை வந்தால் நோய் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் வரன் நின்றுபோகும். அவர்கள் பயப்பட்டதில் என்ன குற்றம்? காசநோயாளியின் பாத்திரத்தைத் தனியே வைக்கும் வீடுகள் இன்னும் நம் நடுவில் உண்டு. இத்தனைக்கும், சரியான மருந்தை ஒழுங்காய் உட்கொள்ளத் தொடங்கியபின் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாய்க் குறைந்துவிடுகிறது.

உங்கள் சங்கத்தார் வருத்தப்பட்டுக் கைவிடவில்லை. அரிசியை மருத்துவமனை மருந்தகத்தில் சேர்த்துவிட்டார்கள். நோயாளிகள் மருந்து வாங்க வரும் நாளில் மற்ற நோயாளிகளைப்போலவே ஒரு பையோடு வீடு திரும்பினார்கள். யார் வீட்டுக்கு அரிசி போகிறது என்பதை நாங்கள் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஜெபக்குறிப்பில் பெயரை அறிவிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினீர்கள். நோயாளி தாமே விரும்பிக் கேட்டால் மட்டுமே பெயர் சொல்லப்படும் என்று சபை மன்றம் தீர்மானித்தது. இதைப் பெரிய ஆவிக்குரிய வளர்ச்சி என்பேன். நாம் பெயரைச் சொல்லாவிட்டாலும் கர்த்தருக்குத் தெரியாதா?

லெந்து காலத்தில் அடுத்த சோதனை வந்தது. ஏழு வீடுகளில் பெரும்பாலானவை நம் சபையைச் சேர்ந்தவை அல்ல என்ற பேச்சு எப்படியோ வெளியே வந்துவிட்டது. "நம் பிள்ளைகளே கஷ்டப்படும்போது நம் அரிசி ஏன் வெளியே போகவேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மிலும் கூலி வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம்.

அன்று ஐயரவர்கள் லூக்கா 10ஆம் அதிகாரத்தை வைத்து வேதபாடம் நடத்தினார்கள். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுடைய பெயரை ஆண்டவர் சொல்லவில்லை. சமாரியன் அவனுடைய ஜாதியை விசாரித்ததாகவும் இல்லை. காயங்களைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். அதோடு முடிந்ததா? திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு செலவானால் அதையும் தீர்ப்பதாகவும் சொல்லிப் போனான். ஒரு மருத்துவன் என்ற முறையில் நான் மிகவும் நேசிப்பது இந்தக் கடைசிப் பகுதியையே. முதல் நாளில் இரக்கம் காட்ட அநேகர் உண்டு. ஆறாம் மாதத்தில் வந்து விசாரிப்பவர் யார்? சத்திரமாகிய எங்கள் மருத்துவமனைக்கு அப்படிப்பட்டவர்களே தேவை. வேதபாடத்துக்குப்பின் அரிசிப் பானை குறையவில்லை, கூடவே செய்தது.

திரும்பி வருதல் எவ்வளவு அவசியம் என்பதை ஈஸ்டருக்குப்பின் கண்டோம். கொத்தனார் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் இரண்டாம் மாத முடிவில் மருந்தை நிறுத்திவிட்டார். இருமல் நின்றது, பசி எடுத்தது, உடம்பு தேறியது. இனி மருந்து எதற்கு என்று எண்ணினார். அநேகர் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். பாதியில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாத நோயாகவும் மாறக்கூடும். அவருடைய சம்மதத்தோடு, இதே நோயிலிருந்து முன்பு சுகம் பெற்ற உங்கள் சபைப் பெரியவர் ஒருவர் அவரைச் சந்தித்தார். உபதேசம் எதுவும் பண்ணவில்லை. தாம் ஒருகாலத்தில் மருந்தை விட்டு, மறுபடியும் படுத்த கதையைச் சொன்னார். அந்த வாலிபர் ஆறு மாதத்துக்குரிய மருந்தையும் முடித்துவிட்டார். இப்போது மறுபடியும் சாரத்தில் நின்று கல் கட்டுகிறார்.

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் வரவில்லை. ஏழு பேரில் ஒரு தாயார் மரித்துப்போனார். அவர் எங்களிடம் வந்து சேர்ந்தபோதே நோய் முற்றியிருந்தது. அவருடைய பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து, தடுப்பு மருந்து கொடுத்தோம். அந்த வீட்டுக்கு அரிசி இன்றும் போகிறது. நோயாளி மரித்தபின்னும் அரிசியை நிறுத்தாதீர்கள் என்று சொல்லியனுப்பியது உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். அந்தத் தாயின் பெயர் அவர்களுக்கு இன்றும் தெரியாது.

இரண்டு விண்ணப்பங்களோடு முடிக்கிறேன். முதலாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அது யாராயிருந்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூட அனுப்ப ஆளில்லையென்றால் நீங்களே கூட்டிவாருங்கள். அந்தத் தாயார் மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இரண்டாவது, அரிசி உங்களிடம் உண்டு, பருப்பும் முட்டையும் எண்ணெயும் பணம் கொடுத்து வாங்கவேண்டியவை. அரசாங்கம் 2024 நவம்பர் முதல் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவி என்று உயர்த்தியிருக்கிறது. அது நோயாளிக்கு உரியது. வீட்டிலுள்ள மற்றவர்களின் பங்கு நம் கையில் இருக்கிறது. இந்த உரையை நம் மடலில் வாசிக்கப்போகிற தூரத்து நண்பர்களுக்கும் இதையே சொல்லுகிறேன். நீங்கள் அனுப்பும் காணிக்கை இந்தக் கிராமத்து அரிசியோடு சேர்ந்து ஒரே பையில் போகிறது.

புதிய ஆண்டில் வேறு குடும்பங்கள் நம்மைத் தேடி வரும். அவர்கள் இன்னும் எங்கள் பதிவேட்டில் ஏறவில்லை. ஒருவேளை இந்நேரம் யாரோ ஒருவர் எங்கோ ஒரு திண்ணையில் இருமிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை உலை வைக்கும்போது அவருக்காகவும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். கர்த்தர் உங்கள் கைகளையும் உங்கள் களஞ்சியங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.