படகு பெரிதாகும்போது
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நீர்மேல் செல்லும் கலங்களுக்கு ஆங்கில மொழியில் வழங்கும் பெயர்களுள் இரண்டு நம் நாடு தந்தவை. ஒன்று தமிழர் தந்த கட்டுமரம். மற்றொன்று வடபுலத்தார் தந்த டிங்கி. வங்காளத்திலும் இந்தி வழங்கும் நிலத்திலும் சிறு தோணியைக் குறித்த அச்சொல், இன்று உலகெங்கும் சிறு பாய்ப்படகுக்குப் பெயராயிற்று. பிறமொழி மக்களோடு கூடி வாழும் நமக்கு இவ்விரு சொற்களையும் ஒருங்கே நினைப்பது மகிழ்ச்சி தருவதே. ஆயினும் இன்று நாம் சொல் வரலாறு கூற வரவில்லை. இங்கிலாந்தில் எளிய குடும்பங்கள் விடுமுறை நாளில் ஓட்டிச் செல்லும் டிங்கியைப் பற்றியும், சிறியதை விற்றுப் பெரியதை வாங்க எண்ணும்போது அக்குடும்பங்களில் எழும் ஒரு வினாவைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் பாய்ப்படகு ஓட்டுதல் அங்கே பெரிதும் செல்வர்க்கு உரிய பொழுதுபோக்காக இருந்தது. ஒட்டுப்பலகையும் உறுதியான பசைகளும் பெருகியபின் அந்நிலை மாறிற்று. 1962-இல், ஜாக் ஹோல்ட் என்ற படகு வரைவாளரும், வீட்டுத் தச்சு வேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து ஒரு சிறு படகை அமைத்தனர். ‘டெய்லி மிரர்’ நாளிதழ் துணை நின்றமையால் அதற்கு ‘மிரர்’ என்றே பெயராயிற்று. வெட்டிய பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினால் ஒட்டிவிட்டால் படகின் உடல் உருவாகிவிடும். தச்சுத் தொழில் அறியாதவரும் வீட்டிலேயே கட்டலாம். சிவந்த பாய்களோடு இவ்வாறு பிறந்த படகுகள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை.

மிரரின் நீளம் 3.3 மீட்டர், உடலின் எடை ஏறத்தாழ 45 கிலோ. இருவர் தூக்கிக் காரின் கூரைமேல் ஏற்றிவிடலாம். பத்து வயதுச் சிறுமியும் பழகியபின் சுக்கான் பிடிக்கலாம். தந்தை முன்பாயின் கயிற்றைப் பற்றியிருக்க, மகள் படகுத் தலைவியாய் அமர்ந்து ஆணையிடும் காட்சி அந்நாட்டு நீர்நிலைகளில் அரிதன்று.

ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்கள், படகு வளர்வதில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது. பாரம் மிகுந்து படகின் விளிம்பு நீரை நெருங்க, சிற்றலையும் உள்ளே புகுகிறது. அப்போது பெற்றோரின் கண் ‘வேஃபேரர்’ போன்ற படகின்மேல் விழுகிறது. அயன் பிராக்டர் 1957-இல் வரைந்த அப்படகின் நீளம் 4.8 மீட்டர். நால்வர் நன்கு அமரலாம். இரவில் துணிக்கூடாரம் விரித்து இருவர் உள்ளேயே உறங்கலாம். பிராங்க் டை என்பவர் துணைவர் ஒருவரோடு இவ்வகைப் படகில் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், 1964-இல் நார்வேக்கும் சென்றார். இரண்டாம் பயணத்தில் புயலில் படகு பலமுறை கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது, எனினும் கரை சேர்ந்தனர்.

இப்புகழைக் கேட்டு மயங்குமுன் ஒரு கணக்கைப் பார்த்தல் நலம். நீளம் ஒன்றரை மடங்கே கூடிற்று. எடையோ 169 கிலோவாகி, மூன்றரை மடங்குக்கும் மேற்பட்டது. நீளத்தோடு அகலமும் ஆழமும் கூடுவதே இதற்குக் காரணம். இனிக் காரின் கூரை உதவாது; பின்னே கட்டி இழுக்கும் வண்டி வேண்டும். நீர் வற்றிய வேளையில் சேற்றுக் கரையில் படகை இழுத்தேற்ற வலிய கைகள் வேண்டும்.

பாயின் பரப்பும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. சிறு படகில் சிறுமியின் கை எளிதில் தாங்கிய கயிறு, பெரிய படகில் அவள் பிடிக்கு அடங்காது. ஆதலின் வாங்குவோர், பாயைச் சுருக்கிக் கட்டும் வசதி உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

பெரிய படகில் நன்மையும் உண்டு. பக்கவாட்டில் நகராதிருக்கப் படகின் நடுவே நீரில் ஒரு பலகை இறக்குவர். மிரரில் அது நேரே செருகும் பலகை. தரை தட்டினால் சிக்கிக்கொள்ளும். வேஃபேரரில் அது அச்சில் சுழல்வது. தரை தட்டினால் தானே மேலே மடங்கும். ஆழம் குறைந்த கழிமுகங்களில் இது பேருதவி.

எல்லாவற்றிலும் முதன்மையான வினா ஒன்று உண்டு. தந்தை நீரில் விழுந்துவிட்டால், தாயும் பிள்ளைகளும் படகைத் திருப்பி வந்து அவரை ஏற்றிக்கொள்ள வல்லரா? படகு கவிழ்ந்தால், அந்த நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, கயிற்றைப் பற்றிப் பின்சாய்ந்து நிமிர்த்த வல்லரா? சிறு படகில் ஆம் என்று விடை சொன்ன குடும்பம், பெரிய படகில் இல்லை என்று சொல்லுமாயின், அது ஒருவரை நம்பி மூவர் செல்லும் படகாகிவிடுகிறது. நேற்றுவரை தலைவியாய் இருந்த மகள் இன்று வெறும் பாரமாய் அமர்கிறாள். சில நாளில் அவள் கரையிலேயே நின்றுவிடுவாள்.

அதற்கு மருந்தும் உண்டு. மெல்லிய காற்று வீசும் நாளில், உயிர்காப்புச் சட்டை அணிந்து, கரையருகே படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகலாம். காற்று தணிந்த வேளையில் சுக்கானைப் பிள்ளைகளிடம் தரலாம். பொருள் இடந்தந்தால் சிறு படகை விற்காமல் வைத்திருக்கலாம். இடந்தராவிடின், பிள்ளைகளின் கைகள் வலுக்கும்வரை ஓராண்டு பொறுக்கலாம்.

அன்பர்களே! பிறமாநில நகரங்களில் நம் தமிழ்ச் சங்கங்கள் பல, ஒருவர் இல்லத்து முன்னறையில் தோன்றியவையே. அன்று பாய் விரித்தவரும், பாடியவரும், வந்தவர்க்குக் காப்பி கொடுத்தவரும் அவர்களே. இன்று மன்றம் பெரிது, கூட்டமும் பெரிது. வளர்ச்சியை வரவேற்போம். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறேனும் தந்தோமா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது எண்ணிப் பார்ப்போம்.