அகன்ற முனையும் அம்பின் நேர்மையும்

திருவண்ணாமலையைத் தீயின் தலம் என்று போற்றுவது நம் மரபு. இறைவன் முப்புரங்களை எரித்தபோது எய்த அம்பைப் பற்றியும் அம்மரபு ஒரு செய்தி கூறுகிறது. அவ்வம்பின் தண்டு திருமால், முனை தீக்கடவுள், இறகு காற்றுக் கடவுள். சமயக் கருத்து ஒருபுறம் இருக்க, வில்வித்தையின் நுட்பம் ஒன்றும் இதனுள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். முன்னே செல்வது முனை; பின்னே நின்று நெறிப்படுத்துவது இறகு; இரண்டையும் இணைப்பது தண்டு. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் தொழிலைச் செய்யப் புகுந்தால் குறி தப்பும்.

குறி தப்புவது எங்கள் வட்டாரத்து முன்னோர்க்கு விளையாட்டன்று. செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த வீரர்கள் அக்கற்களில் வில்லேந்தி நிற்கின்றனர். அம்பு தைத்த உடலோடும் சிலர் நிற்கின்றனர். அம்பு பிழைத்தால் ஆநிரையும் போகும், உயிரும் போகும் என்பது அவர்கள் வாழ்வு.

கையால் இழுத்து எய்யும் வில்லேயன்றி, பொறியால் எய்யும் வில்லும் தமிழர் அறிந்ததே. மதுரை மதிலில் அமைந்த பொறிகளுள் வளைவிற்பொறியையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. கட்டையின்மேல் குறுக்கே வில்லைப் பொருத்தி, விசையைத் தட்டி அம்பை விடுவிக்கும் குறுக்குவில்லை நிகோபார்த் தீவினர் பறவை வேட்டையில் கையாண்டனர். வட அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுவோர் இன்றும் அதனைக் கையாளுகின்றனர்.

அவர்களை வாட்டும் சிக்கல் ஒன்று உண்டு. கூரிய சிறு முனையோடு பழகும்போது அம்புகள் ஓரிடத்திலேயே பாய்கின்றன. அலகுகள் விரிந்த அகன்ற முனையைப் பூட்டியதும், அதே வில், அதே கை, அதே தொலைவு; அம்போ ஒரு சாண் விலகிப் போகிறது. காரணம் யாது? அகன்ற அலகுகள் காற்றில் சிறகுகள்போல் இயங்குகின்றன. பின்னுள்ள இறகு அம்பை நேராக்க முயலும்போது, முன்னுள்ள அலகு அதனைத் திருப்ப முயல்கிறது. விரைவு இருமடங்கானால் காற்றின் தாக்குதல் நான்கு மடங்காகும். ஆதலின் விரைந்து எய்யும் குறுக்குவில்லில் சிறு கோணலும் பெருங்கேடாகிறது.

இதனைத் தீர்க்கும் முறையைக் கூறுகிறேன். முதலில், சிதறல் வேறு, விலகல் வேறு என்று உணர வேண்டும். அம்புகளுக்கு எண்ணிட்டு மும்மூன்றாக எய்து பாருங்கள். மூன்றும் நெருங்கிப் பாய்ந்து, குறிக்கு வெளியே நின்றால் அது விலகல். குறிபார்க்கும் கருவியைச் சற்றே திருத்தினால் போதும். மூன்றும் மூன்று திசையில் சென்றால் அது சிதறல். கருவியைத் திருகிப் பயனில்லை. குறை அம்பிலோ வில்லிலோ இருக்கிறது.

அடுத்து, முனையைப் பலகைமேல் ஊன்றி அம்பைச் சுழற்றிப் பாருங்கள். அது தள்ளாடினால், முனை தண்டோடு நேர்கோட்டில் இல்லை என்பது வெளிப்படை. பின்னர் எடையை நோக்குங்கள். பழகும் முனை 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம் என்றால், அகன்ற முனையும் அவ்வெடையே இருத்தல் வேண்டும். மிகுந்தால் அம்பு தாழ்ந்து விழும். கிழிந்த இறகையும் தளர்ந்த இறகையும் மாற்றிவிடுங்கள்.

வில்லில் முதன்மையானது நாண். அதனை இழுக்கும்போது ஒருபுறம் சிறிது மிகுந்தாலும் அம்பு இடமோ வலமோ ஒதுங்கும். இழுப்பதற்கு முன், அம்பு கிடக்கும் காடியின் இருபுறமும் நாணில் அடையாளமிட்டு, இழுத்தபின் அவை ஒத்து நிற்கின்றனவா என்று பாருங்கள். இருபுறமும் ஒப்ப இழுக்கும் கொக்கிக் கயிறு இதற்குப் பெரிதும் உதவும். அம்பின் அடி நாணைத் தொட்டுப் பொருந்தியிருத்தலும், திருகாணிகள் இறுகியிருத்தலும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இல்லையேல் எது குறை, எது மருந்து என்று தெரியாது போகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, அது நல்லதே. வேட்டை இசைவுள்ள நாடுகளிலோ, ஒரு சாண் விலகிய அம்பு விலங்கைக் கொல்லாது. புண்படுத்தி, நாட்கணக்கில் துடிக்கவிடும். செம்மையாகப் பறக்காத அம்பை உயிரின்மேல் ஏவும் உரிமை எவர்க்கும் இல்லை. வைக்கோற் குறியில் பயிலும் நம் இளைஞர்க்கும் இப்பாடம் பொருந்தும். அகன்ற முனை பெரும்பாலும் புதிய குறையை உண்டாக்குவதில்லை. முன்னரே மறைந்திருந்த குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆதலின் முனையைப் பழிப்பதற்கு முன் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். நாணை அளந்து பாருங்கள்.